நாற்பத்தாறாம் பக்கத்தின் வால்

ஐம்பத்திரண்டு வயது மனுஷனை 'வாலு' என்று கூப்பிட்டால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அது குறும்புக்காக வைத்த பெயர் இல்லை, வேலைக்காக வைத்தது. சித்திரக்கதைப் புத்தகத்தில் ஆட்கள் பேசுவது ஒரு வெள்ளை வட்டத்துக்குள் எழுதியிருக்குமே, அதற்குப் பலூன் என்று பெயர். அதிலிருந்து கூராக ஒரு முனை இறங்கிப் பேசுகிறவர் வாயைக் காட்டும். அதுதான் வால். பலூனுக்குள் எழுத்து எழுதுவதும் வாலை வரைவதும் அவர் வேலை. இருபத்தெட்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

வால் என்றால் இளப்பமாக நினைத்துவிடக் கூடாது. அரை விரல் தள்ளிப் போனால் திருடன் சொன்னது போலீஸ்காரர் சொன்னதாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் ஒருமுறை, "நான்தான் அவளைக் கொன்றேன்" என்பதை நாயகனே சொல்வதுபோல் வால் போட்டு, புத்தகமும் கடைக்குப் போய்விட்டது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து வாலு எந்த வாலையும் இரண்டு முறை பார்க்காமல் மை தொட்டதில்லை. காகிதத்தில் அவ்வளவு ஜாக்கிரதை.

அதே தெருவில், நேர் எதிரே, போட்டிப் பதிப்பகம். இவர்கள் அதை 'எதிர்க்கடை' என்பார்கள். அவர்களும் இவர்களை அப்படித்தான் சொல்கிறார்கள் என்று கேள்வி. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது தெருமுனை பைண்டிங் கடை ஒன்றுதான். இவர்களுடைய நாயகன் வெண்கலன்; வாயைத் திறந்து ஒரு அதட்டல் போட்டால் கோட்டைச் சுவர் பொலபொலவென்று உதிரும். எதிர்க்கடை நாயகன் ஊமையிடி. அவன் வாயே திறக்க மாட்டான், பேசுவதெல்லாம் கைதான்.

வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் வாலு தலையில்தான் விழுந்திருந்தது. பத்துக் கடிதத்தில் ஆறு ஒரே சங்கதியைப் பற்றி: இரண்டு பேரும் சேர்ந்தால் என்ன ஆகும்? வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் மாதம் தவறாமல் திட்டம் போட்டு அனுப்புவார். வெண்கலன் முன்வாசலில் நின்று கத்த வேண்டும், அந்தச் சத்தத்தை மறைவாக வைத்து ஊமையிடி பின்பக்கம் நுழைய வேண்டும் என்று வரைபடத்தோடு வரும். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, "இருவரும் முதலில் அடித்துக்கொள்ள வேண்டும். எடுத்த எடுப்பிலேயே சேர்ந்தால் நான் நம்ப மாட்டேன்" என்று கறாராக எழுதுவார். அச்சில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடித்து எழுதும் அம்மாள் அவர். வாலு எல்லோருக்கும் ஒரே பதில்தான் போடுவார்: "அது நடக்காத காரியம்." அப்படி எழுதும்போது அவருக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது.

ஏனென்றால் ஊமையிடியை வரைகிறவர் வாலுவின் சொந்த அண்ணன்.

அண்ணன் முன்பு இங்கேதான் இருந்தார். வெண்கலனை உண்டாக்கியதே அவர்தான். அண்ணன் வரைவார், தம்பி எழுதுவார். ஒரே மேசையின் இரண்டு பக்கம். அட்டையில் ஓவியர் பெயர் போட மாட்டேன் என்று முதலாளி ஒற்றைக் காலில் நின்றதும், அண்ணன் தூரிகையைக் கழுவித் துடைத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு தெருவைக் குறுக்கே கடந்து போய்விட்டார். அது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு. நாலு மாதம் கழித்து ஊமையிடியின் முதல் இதழ் வந்தது. வாலு அதை வேறு தெருக் கடையில் போய் வாங்கிப் புரட்டினார். முப்பத்திரண்டு பக்கம். ஒரு பலூன்கூட இல்லை. எழுத்தே வேண்டாத நாயகன். அதாவது, தம்பியே வேண்டாத அண்ணன். முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது அவருக்கு. அண்ணன் அப்படி நினைத்துச் செய்தாரா என்பதை அவர் கடைசிவரை கேட்கவில்லை.

அப்புறமும் மூன்று வருஷம் அண்ணன் அம்மாவைப் பார்க்க மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தார். அம்மா வாலுவின் வீட்டில் இருந்தார். அண்ணன் வந்தால் வாலு நீயும் போடாமல் நீங்களும் போடாமல் 'வந்தாச்சா', 'சாப்பிடலாமே' என்று ஒப்பேற்றுவார். அம்மா போனதோடு அந்தப் போக்குவரத்தும் நின்றது. அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

நடக்காது என்ற காரியம் நடந்தது. இரண்டு பதிப்பகத்துப் புத்தகங்களும் கடைகளில் தூசி படிந்து கிடந்தன. ஒருநாள் இரு முதலாளிகளும் வேண்டாவெறுப்பாகக் கைகுலுக்கினார்கள். 'வெண்கலனும் ஊமையிடியும்', நாற்பத்தெட்டுப் பக்கம், படம் எதிர்க்கடை, எழுத்து இவர்கள். ஆளுக்குச் சமமான கட்டங்கள், சமமான அடிகள். வெண்கலன் ஏழு பேரை வீழ்த்தினால் ஊமையிடியும் ஏழு பேரை வீழ்த்த வேண்டும். எட்டாவது ஆள் தானே தடுக்கி விழ வேண்டும்.

இழுபறி வேறொரு இடத்தில் வந்தது. வெண்கலன் ஊமையிடியை எப்படிக் கூப்பிடுவது? 'வா' என்றால் எங்கள் நாயகனுக்கு மரியாதை இல்லையா என்றது எதிர்க்கடை. 'வாங்க' என்றால் எங்கள் ஆள் என்ன எடுபிடியா என்றார் இந்த முதலாளி. இரண்டு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் வாலுதான் வழி சொன்னார்.

"ரெண்டுமே வேண்டாம் சார். 'வரலாமே', 'கிளம்பலாமா', 'இப்படிப் போனா நல்லது'ன்னு எழுதிடறேன். யார் பெரியவன், யார் சின்னவன்னே தெரியாது."

"முழுப் புத்தகமும் அப்படி எழுத முடியுமாய்யா?"

"முடியும் சார். எனக்குப் பழக்கம்தான்," என்றார் வாலு. எப்படிப் பழக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

பக்கங்கள் வரத் தொடங்கின. அண்ணன் தன் வீட்டிலேயே பென்சிலில் வரைந்து அனுப்புவார். பைண்டிங் கடைக்காரர் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து கொடுப்பார். வாலு பலூனும் எழுத்தும் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அண்ணன் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும். ஓரங்களில் நீலப் பென்சிலில் குறிப்பு எழுதுவது வழக்கம். நீலம் அச்சில் விழாது, படிக்க வேண்டியவர் மட்டும் படிக்கலாம். முதல் பக்கத்து ஓரத்தில் அண்ணன் எழுதியிருந்தார்: "இங்கே இடம் விடப்பட்டுள்ளது." ஐந்தாம் பக்கத்தில்: "எழுத்து சற்றுச் சிறிதாக இருந்தால் நலம்." வாலு பதிலுக்கு எழுதினார்: "கவனிக்கப்படும்." நீயும் இல்லை, நீங்களும் இல்லை. கூடப் பிறந்தவர்கள் அரசாங்க நோட்டீஸ் மாதிரி எழுதிக்கொண்டார்கள். தம்பியை 'டா' போடாமல் கூப்பிடத் தெரியாத அண்ணன் அது.

முப்பதாம் பக்கத்துக்கு மேல் கோடுகளில் நடுக்கம் தெரிந்தது. ஊமையிடியின் முட்டி, எப்போதும் ஒரே இழுப்பில் வருவது, மூன்று துண்டாக ஒட்டுப்போட்டு வந்திருந்தது. வாலு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அப்புறம் பைண்டரிடம் ஜாடையாகக் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாதா? நுரையீரல். டாக்டர் கைவிரிச்சுட்டாராம். படுக்கைல சாஞ்சுக்கிட்டு, பலகையை மடில வெச்சு வரையறார். இந்தப் புத்தகம் முடியற வரைக்கும் தாங்குமான்னுதான் அவர் சம்சாரம் அழுதாங்க."

வாலு பேனாவை மூடினார், திறந்தார்.

"நேர்ல போய்ப் பாருங்களேன். என்ன இருந்தாலும் ஒரு வயித்துல பிறந்தவங்க."

"பாக்கறேன்," என்றார் வாலு.

பார்க்கவில்லை. மதிய இடைவேளையில் இரண்டு நாள் அண்ணன் வீட்டுத் தெருத் திருப்பம் வரை போனார். மாடி ஜன்னலில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து வாய்க்கு ருசியில்லாமல் சாப்பிட்டார். இருபத்தெட்டு வருஷமாக யார் யார் வாயிலோ வார்த்தையை வைத்த மனுஷனுக்குத் தன் வாயைத் திறக்கத் தைரியம் இல்லை. இவரைப் பார்த்துப் பரிதாபப்படுவதா, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பதா என்று தெரியவில்லை.

நாற்பத்தாறாம் பக்கம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

கதை எழுதிக் கொடுத்தவரின் தாளில் அந்தப் பக்கம் வேறு மாதிரி இருந்தது. வில்லன் ஓடுவான், இருவரும் துரத்துவார்கள். அண்ணன் அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தானாக வரைந்திருந்தார். பக்கம் முழுக்க ஒரே கட்டம். இடிந்த பாலத்தின் அடியில் ஒரு வயதான பெண் கிடக்கிறார். ஊமையிடியின் அம்மா என்று மேலே சின்னதாகக் குறித்திருந்தது. பக்கத்தில் மண்டியிட்டு வெண்கலன். ஊமையிடி இல்லை, அவன் இன்னும் வந்து சேரவில்லை. அந்தப் பெண் முகத்தைப் பார்த்ததும் வாலு பக்கத்தை வெளிச்சத்துக்குத் தள்ளினார். அது அண்ணன் தம்பி இருவருடைய சொந்த அம்மாவின் முகம். கொழுகொழுவென்ற கன்னம், பின்னால் இழுத்துக் கட்டிய கொண்டை, இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. அண்ணன் கடைசியாகப் பார்த்த அம்மா. ஆஸ்பத்திரியில் அம்மா அப்படி இல்லை. மூன்றே நாளில் கன்னம் ஒட்டிப்போய், கொண்டை அவிழ்ந்து, தலையணையில் பாதிகூட நிரம்பாமல் கிடந்தார். அந்த முகம் அண்ணனுக்குத் தெரியாது. தெரியாமல் செய்தது யார் என்பது வாலுவுக்குத் தெரியும்.

அம்மாவின் வாய்க்கு மேலே ஒரு வெற்றுப் பலூன் இருந்தது. வாலைக்கூட அண்ணனே பென்சிலில் போட்டு, அம்மாவின் வாயில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஓரத்தில் நீலப் பென்சில்: "அம்மா சொன்னது இங்கே எழுதப்பட வேண்டும்."

சொல்வது என்று இல்லை. சொன்னது.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு அம்மாவுக்குத் திடீரென்று மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அண்ணன் வெளியூரில் புத்தகக் கண்காட்சியில் இருந்தார். ஊமையிடி மூன்றாம் ஆண்டு மலர். மாலை போடாத குறையாக வாசகர்கள் வரிசையில் நின்றார்கள் என்று செய்தித்தாளில் படம் வந்திருந்தது. அம்மா கண் விழிக்கும்போதெல்லாம் கேட்டார்: "பெரியவன் வந்துட்டானா?" வாலு சொன்னார்: "சொல்லியாச்சும்மா, வந்துக்கிட்டே இருக்கான்." சொல்லவில்லை. வராந்தாவிலேயே தொலைபேசி இருந்தது. முதல் நாள் கோபத்தில் எடுக்கவில்லை. இவன் வந்ததும் அம்மா முகம் மலர்வதை நான் பார்க்க வேண்டுமா என்று. இரண்டாம் நாள், ஏன் நேற்றே சொல்லவில்லை என்பானே என்று எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அம்மா மறுபடி கேட்டார். பத்து மணிக்குப் போய்விட்டார்.

யாரோ சொல்லி அண்ணன் வந்தபோது எல்லாம் முடிந்து படுக்கையைக்கூட மாற்றியிருந்தார்கள். வராந்தாவில் நின்று, "எனக்கு ஏன்டா சொல்லல?" என்று கேட்டார்.  வாலுவின் வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்துவிட்டது: "உனக்குச் சொல்ல வேண்டாம்னு அம்மாதான் சொன்னாங்க."

அவ்வளவுதான். தான் சொன்ன வார்த்தைக்கு வாலை எடுத்து, செத்துப்போன அம்மாவின் வாயில் வைத்துவிட்டார்.  அண்ணன் அங்கிருந்த பெஞ்சைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு, அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் நடந்து போய்விட்டார். பெற்ற தாய் சாகும்போது தன்னை வேண்டாம் என்றார் என்ற நினைப்போடு ஒன்பது வருஷம். இதோ இப்போது அதே நினைப்போடு சாகவும் போகிறார்.

வாலு இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள் முதலாளி வந்து, "என்னய்யா, ஒரு பலூனுக்கு இத்தனை நாளா?" என்றார். அவர் போனதும் வாலு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மையைத் தொட்டார். தன் வாழ்நாளில் அவ்வளவு சீராக அவர் எழுதியதில்லை:

"பெரியவன் வந்துட்டானா?"

வாலின் மேல் மை ஓட்டினார். இரண்டு முறை பார்த்தார். அம்மாவின் வாய்தான்.

அப்புறம் நீலப் பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினார். "அண்ணா, அன்னைக்கு வராந்தால நான் சொன்னது பொய். அம்மா உன்னை வேண்டாம்னு சொல்லல. மூணு நாளும் உன்னைத்தான் கேட்டாங்க. பலூன்ல இருக்கறது அவங்க வார்த்தை, ஒரு எழுத்து நான் சேர்க்கல. உனக்குச் சொல்லாதது நான். பழியை அவங்க மேல போட்டதும் நான். நீ என்னை என்ன வேணா சொல்லு. ஒரு தடவை வந்து பாக்கட்டுமா?" எழுதி முடித்தபோது கண்ணில் நீர் கோத்துப் பார்வை மங்கியிருந்தது. பாரம் இறங்கினாற்போல் இருந்தது என்பதும் உண்மை. அந்த நிம்மதி தனக்குத் தகுமா என்று அவர் யோசிக்கவில்லை. பைண்டரிடம் கொடுக்கும்போது, "அவர் கைலயே குடுங்க," என்றார்.

ஒரு வாரம் ஆயிற்று. நாற்பத்தேழும் நாற்பத்தெட்டும் முதல் இரண்டு நாளிலேயே வந்துவிட்டன, கோடு கோடாக நடுங்கிக்கொண்டு. நாற்பத்தாறு வரவில்லை. வாலு ஒவ்வொரு நாளும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். கூப்பிட்டால் அப்படியே கிளம்பிவிடலாம் என்று.

எட்டாம் நாள் அட்டைப்பெட்டியோடு அண்ணியே வந்தார். வாலு எழுந்து நின்றார். அண்ணி தலை நிறைய நரைத்திருந்தது.

"உக்காருங்க அண்ணி."

"வேண்டாம். இதைக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். அவர் போய் அஞ்சு நாள் ஆச்சு."

வாலு மேசையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு..."

"உங்களுக்குச் சொல்ல வேண்டாம்னு நான்தான் முடிவு பண்ணேன், பைண்டர்கிட்டயும் ஆபீஸ்லயும் சொல்லி வெச்சேன். அவர் சொன்னார்னு சொல்ல மாட்டேன். நான்தான்."

 வாலு தலையைக் குனிந்துகொண்டார். "நாற்பத்தாறாம் பக்கத்தைப் படிச்சாரா அண்ணி?" என்று கேட்டார்.

"படிச்சார். ரெண்டு தடவை. அன்னைக்கு முழுக்க ஒண்ணும் சாப்பிடல."

"எதாவது சொன்னாரா?"

"இல்ல. மறுநாள் காலைல வெள்ளை மை கேட்டார். எடுத்துக் குடுத்தேன்."

அண்ணி படி இறங்கிப் போனார். வாலு பெட்டியைத் திறந்தார்.

நாற்பத்தாறாம் பக்கத்தில் அண்ணனின் கையெழுத்து இருந்தது. பலூனில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் வாலை வெள்ளை மையால் அழித்திருந்தது. அம்மாவின் வாய்க்கு மேலே திட்டுத் திட்டாக வெள்ளை. பென்சிலில் புதுவால் ஒன்று, நடுங்கி நடுங்கி, நாலு இடத்தில் விட்டு விட்டு, கட்டத்தின் மறுபக்கம் வரை போயிருந்தது. அது, இத்தனை வருஷம் வாலு பேசவைத்த வெண்கலனின் வாயில் போய் நின்றது. அம்மாவின் வாய் வெறுமனே திறந்திருந்தது. ஓரத்தில் தன் நீல எழுத்துக்குக் கீழே அண்ணனின் கை, பெரிது பெரிதாக, கோடு தப்பி:

"இதுவும் நீ எழுதினதுதானேடா."

ஒன்பது வருஷமாக வாலு ஏங்கிக்கிடந்த 'நீ'யும் 'டா'வும் அந்த ஒரே வரியில் வந்துவிட்டன. அவர் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். முதலாளி கதவு வரை வந்து திரும்பிப் போனார். ஒருமுறை அம்மா வாயில் பொய்யை வைத்தவன், மறுமுறை உண்மையைக் கொண்டுவந்து வைத்தால் யார் நம்புவார்? இனிமேல் போய் எடுத்துச் சொல்ல அந்த மாடியில் யாரும் இல்லை.

அழுது முடித்ததும் வேலை மிச்சம் இருந்தது. அந்த வாலுக்கு மை ஓட்ட வேண்டியவர் அவர்தான். பழையபடி அம்மா பக்கம் திருப்பிவிட முடியும். அரை நிமிஷ வேலை, யாருக்கும் தெரியாது. அவர் பேனாவை அங்கே கொண்டுபோகக்கூடச் செய்தார். அப்புறம் அண்ணனின் நடுக்கத்தின் மேலேயே, அது எங்கே விட்டிருந்ததோ அங்கே விட்டு, எங்கே வளைந்ததோ அங்கே வளைந்து, வெண்கலனின் வாய் வரை மை ஓட்டினார்.

புத்தகம் நன்றாகப் போயிற்று. கடிதங்கள் குவிந்தன. வங்கிக்காரர் தன் திட்டத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்று சந்தோஷமாகக் கோபித்துக்கொண்டு எழுதியிருந்தார். ஆசிரியையின் கடிதம் இரண்டாம் வாரம் வந்தது.

"நாற்பத்தாறாம் பக்கத்தில் ஒரு பிழை. பலூனின் வால் தவறான வாயைக் காட்டுகிறது. 'பெரியவன் வந்துட்டானா' என்று கேட்பது அந்தத் தாய்தானே? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அடுத்த பதிப்பில் திருத்தவும்."

வாலு அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். ஒரு தாளை எடுத்து, "ஆமாம் அம்மா, கேட்டது தாய்தான்" என்று எழுதினார். அதைக் கிழித்தார். இன்னொரு தாள் எடுத்தார். "வணக்கம். பிழை இல்லை. பக்கத்தைப் பார்த்து ஓவியர் எடுத்த முடிவு அது. திருத்த இயலாது" என்று எழுதினார். இந்தமுறை, செய்தது யார் என்பதை அவர் மாற்றவில்லை. உறையில் போட்டு ஒட்டி, மற்றக் கடிதங்களோடு தபால் தட்டில் வைத்தார்.